நால்வர் கூடினார், நால்வர் பிரிந்தார்

எங்கள் தெருவில் இரண்டு வருஷ காலமாக மாலை ஏழு மணிக்கு மேல் யாரும் திண்ணையில் உட்கார்ந்து நிம்மதியாகப் பேச முடியாமல் இருந்தது. கோடி வீட்டு மாடியில் நான்கு பிள்ளைகள் கூடிக்கொண்டு, இரண்டு கிட்டார், ஒரு பெரிய மேள வரிசை, ஓர் ஒலிபெருக்கி ஆகிய ஆயுதங்களுடன் சங்கீதத்தின் மீது போர் தொடுத்து வந்தார்கள். அதற்கு 'ராக்' என்று பெயராம். சினிமாப் பாட்டு வாசிப்பதில்லை, பிறர் பாட்டைத் தொடுவதில்லை, தாங்களே இயற்றித் தாங்களே மெட்டமைத்ததைத்தான் பாடுவோம் என்பது அவர்களுடைய விரதம். விரதம் உயர்ந்ததுதான். ஆனால் அதன் பலனை அனுபவித்தவர்கள் தெருக்காரர்களாகிய நாங்கள்!

சென்ற மாதம் ஒரு நாள் திடீரென்று சத்தம் நின்றுவிட்டது. முதல் இரண்டு நாள் தெருவே ஆனந்தப் பெருமூச்சு விட்டது. மூன்றாம் நாள் எதையோ பறிகொடுத்தது போல் இருந்தது. விசாரித்ததில் கோஷ்டி கலைந்துவிட்டதாகத் தெரிந்தது. ஒருவனுக்குப் பெங்களூரில் உத்தியோகம் கிடைத்துவிட்டது. இன்னொருவன், கல்யாண வரவேற்புகளில் ஜனங்கள் கேட்கிற பாட்டை வாசித்தால் நாலு காசு வருமே என்று நினைக்கத் தொடங்கிவிட்டான். மற்ற இருவருக்குமிடையில், பதிவு செய்த பாட்டில் யார் பெயர் முதலில் வரவேண்டும் என்று ஒரு பெரிய வழக்கு.

"எல்லாம் முடிந்து போயிற்று, தாத்தா! தஞ்சாவூரில் இதெல்லாம் நிலைக்காது" என்றான் மேளம் வாசித்த பிள்ளை. அவன் கண்கள் கலங்கியிருந்தன.

தஞ்சாவூரில் சங்கீதம் நிலைக்காது! இந்த வார்த்தையை இந்த ஊர் மண்ணில் நின்றுகொண்டு ஒருவன் சொல்லக் கேட்பதற்கா நான் இத்தனை வருஷம் உயிரோடிருந்தேன் என்று தோன்றிற்று. அவனைத் திண்ணையில் உட்காரவைத்தேன்.

"தம்பி! உங்களைப் போல் நாலு பேர் கூடிய கோஷ்டி ஒன்று இதே ஊரில் இருந்தது. அவர்களும் தாங்களே இயற்றித் தாங்களே வாசித்தவர்கள். மேல்நாட்டு வாத்தியத்தை எடுத்துக் கையாண்டவர்கள். கடைசியில் கோஷ்டி கலைந்து ஆளுக்கு ஒரு திசையாகப் போனவர்கள். அவர்கள் கலைந்து ஏறக்குறைய இருநூறு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் உலகத்தில் எங்கேயாவது ஒரு பெண் சலங்கை கட்டி மேடை ஏறினால், அந்த நாலு பேர் வகுத்த வழியில்தான் ஆடுகிறாள்" என்றேன்.

அன்று அவனுக்குச் சொன்ன கதையை நேயர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

*

சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் நான்கு சகோதரர்களும் தஞ்சாவூர் நட்டுவனார் குடும்பத்தில் உதித்தவர்கள். பாட்டனார் கங்கைமுத்து நட்டுவனார், தந்தையார் சுப்பராயன். மூத்தவர் சின்னையா 1802-ல் பிறந்தார். கடைக்குட்டி வடிவேலு 1810-ல் பிறந்தார். எட்டு வருஷத்துக்குள் ஒரு வீட்டில் நாலு வித்வான்கள்! அந்த வீட்டுத் தாயார் தாளம் தப்பி அழுகிற குழந்தையைக் கேட்டிருக்கவே மாட்டாள் என்று நினைக்கிறேன்.

அவர்கள் பிறந்த காலத்தைச் சற்றுக் கவனிக்கவேண்டும். தஞ்சையில் அப்பொழுது இரண்டாம் சரபோஜி மகாராஜா சிம்மாசனத்தில் இருந்தார். சிம்மாசனம் இருந்தது, ராஜ்யம் இல்லை. 1799-ல் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி காவேரி பாயும் வளநாடு முழுவதையும் கும்பெனியார் தங்கள் நிர்வாகத்தில் எடுத்துக்கொண்டார்கள். மகாராஜாவுக்குக் கோட்டையும் அதைச் சுற்றிய சிறு பகுதியும், வருஷத்துக்கு ஒரு லட்சம் வராகனும், நாட்டு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கும் என்று ஏற்பாடு. வாளைப் பிடுங்கிக்கொண்டு, வீணையை விட்டுவைத்தார்கள் என்று சொல்லலாம்.

அந்த வீணையைச் சரபோஜி வீணாக்கவில்லை. சரஸ்வதி மகாலில் ஏடுகளையும் புத்தகங்களையும் சேர்த்தார். சபையில் வித்வான்களைச் சேர்த்தார். மேல்நாட்டு வாத்தியங்களை வரவழைத்து 'பாண்டு' ஒன்றும் ஏற்படுத்தினார். யுத்தத்துக்குப் போகவேண்டிய பொருள் ஸங்கீதத்துக்குப் போயிற்று. நமது குடியானவர்கள் சேற்றில் இறங்கி விளைவித்த நெல்லில் ஐந்தில் ஒரு பங்கு, அரண்மனைக்குள் போய் ஸ்வரமாகவும் ஜதியாகவும் மாறி வெளிவந்தது. அக்காலத்துக் கலையைப் பற்றிப் பெருமை கொள்கிறவர்கள் இந்தச் சேற்றுக்கால்களையும் ஒரு கணம் நினைத்துக்கொள்வது நியாயம்.

சகோதரர் நால்வரும் பெருவுடையார் கோயிலிலும் அரண்மனையிலும் பணி செய்த குடும்பத்தவர்கள். இயல்பாக வந்த வித்தையோடு அவர்கள் திருப்தியடைந்துவிடவில்லை. ஸங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீக்ஷிதரை அடைந்து சிட்சை பெற்றார்கள். தீக்ஷிதரோ சாமானியப்பட்ட குருவல்லர். சாஸ்திரத்தில் மலை போன்றவர். ஆயினும் வெள்ளைக்காரருடைய 'பாண்டு' மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்து பார்த்தவர். அவருடைய தம்பி பாலுசுவாமி தீக்ஷிதர், பிடில் என்னும் மேல்நாட்டு வாத்தியத்தைக் கற்று நமது சங்கீதத்துக்கு வசப்படுத்திய முன்னோடி. புதியது கண்டால் முகம் சுளிக்காத குருகுலம் அது. சீடர்கள் நால்வரும் தங்கள் குருவின் பெருமையைக் கூறும் 'நவரத்தினமாலை' என்னும் கீர்த்தனங்களை இயற்றி அவருக்குக் காணிக்கையாக்கினார்கள்.

நால்வருக்குள்ளும் வேலைப் பங்கீடு இருந்தது. சின்னையா நிருத்தத்தில் தேர்ந்த ஆசான். பொன்னையா வாய்ப்பாட்டிலும் சாகித்தியத்திலும் வல்லவர். சிவானந்தம் நட்டுவாங்கத்திலும் தாள வித்தையிலும் பேர் வாங்கியவர். வடிவேலு பாட்டோடு பிடிலையும் கைக்கொண்டார். ஆட ஒருவர், பாட ஒருவர், தட்ட ஒருவர், இழைக்க ஒருவர்!

வடிவேலுவுக்குப் பிடில் கற்பித்தவர் ஸ்வார்ட்ஸ் பாதிரியார் என்று ஒரு கதை புத்தகங்களில் அடிபடுகிறது. ஸ்வார்ட்ஸ் பாதிரியார் சரபோஜியைச் சிறு பிராயத்தில் காத்து வளர்த்தவர் என்பது உண்மைதான். ஆனால் அவர் 1798-லேயே தஞ்சையில் காலமாகிவிட்டார். வடிவேலு பிறந்ததோ 1810-ல். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் இறந்துபோன ஒருவரிடம் பிடில் கற்றுக்கொள்வது நால்வருக்குக்கூடச் சாத்தியமில்லை!

*

இனி, இந்தக் கோஷ்டியார் செய்த காரியம் என்னவென்று பார்ப்போம்.

இவர்களுக்கு முன்னும் நாட்டில் ஆட்டம் இருந்தது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே இருந்தது. ராஜராஜ சோழன் பெரிய கோயிலைக் கட்டி, அங்கே பணி செய்வதற்காகத் தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரைக் குடியமர்த்தினான். எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், பெயர் என்ன, எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதையெல்லாம் கல்லிலே வெட்டிவைத்தான். அக்கோயில் விமானத்தின் மேல்தளத்துச் சுற்றுவழியில், நாட்டிய சாஸ்திரம் கூறும் நூற்றெட்டுக் கரணங்களில் எண்பத்தொன்று சிலையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. மிச்சத்துக்கு உரிய கற்கள் செதுக்கப்படாமல் அப்படியே நிற்கின்றன.

ஆகவே நால்வர் ஆட்டத்தை உண்டாக்கினார்கள் என்று சொன்னால் அது பொய். அவர்கள் செய்தது வேறு. தனித்தனியே சிதறிக் கிடந்த உருப்படிகளை எடுத்துத் தேய்த்து மெருகேற்றி, புதியவற்றை இயற்றிச் சேர்த்து, எது முதலில், எது நடுவில், எது கடைசியில் என்று ஒரு வரிசையில் கோத்துவிட்டார்கள். அந்த வரிசைக்குத்தான் 'மார்க்கம்' என்று பெயர். மார்க்கம் என்றால் வழி.

முதலில் அலாரிப்பு. அங்கே பாட்டில்லை, பொருளில்லை, சொற்கட்டு மட்டுமே. கண், கழுத்து, தோள், கை, கால் என்று அங்கங்கள் ஒவ்வொன்றாக விழித்துக்கொள்கின்றன. அடுத்து ஜதிஸ்வரம். இங்கே ராகம் வந்து சேர்ந்துகொள்கிறது. ஆனால் இன்னும் வார்த்தை இல்லை. பிறகு சப்தம். முதன் முதலாகச் சொல் பிறக்கிறது. சொல்லோடு அபிநயமும் பிறக்கிறது. நான்காவதாக வர்ணம். ஆடுகிறவளுடைய பலம் முழுவதையும் அளந்து பார்க்கும் உரைகல் அது. ஒரு கணம் கடுமையான தீர்மானங்கள், மறு கணம் நாயகனை நினைத்து உருகும் பாவம். தேகமும் மனமும் மாறி மாறிச் சோதிக்கப்படுகின்றன. அதன் பின் பதம். ஓட்டமெல்லாம் ஓய்ந்து, நின்ற இடத்தில் நின்று, ஒரு வரியைப் பத்து விதமாகக் காட்டும் விச்ராந்தி. கடைசியில் தில்லானா. மறுபடியும் துள்ளல், அத்துடன் மங்களம்.

இந்த வரிசையின் பெருமையைப் பாலசரஸ்வதி அம்மாள் 1975-ல் தமிழிசைச் சங்கத்தில் தலைமை வகித்தபோது ஓர் உவமையால் விளக்கினார். கோயிலுக்குள் போவது போன்றது அது என்றார். அலாரிப்பு கோபுர வாசல். மண்டபங்களைக் கடந்து உள்ளே போகப்போக வர்ணமே சந்நிதி. பதம் சந்நிதிக்குள் நிலவும் அமைதி. இந்த வரிசையை யாரும் மாற்றவேண்டாம் என்பது அவருடைய கட்சி. அவருக்கு நாட்டியம் போதித்த கந்தப்ப பிள்ளை தஞ்சை நட்டுவனார் பரம்பரையைச் சேர்ந்தவர். பிள்ளையவர்களின் தட்டுக்கழி அம்மாளுடைய வார்த்தையிலும் ஒலித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அக்காலத்தில் சதிர்க் கச்சேரி என்றால், ஆடுகிறவளுக்குப் பின்னால் மத்தளக்காரர் மத்தளத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றுகொண்டே வாசிப்பார். சுருதிக்குத் துருத்தி. நட்டுவனாரும் உடன் நின்று ஜதி சொல்லுவார். அவள் முன்னே போனால் இவர்களும் முன்னே போவார்கள். பின்னே வந்தால் பின்னே வருவார்கள். மேளமே ஒரு சின்ன ஊர்வலம்! இத்தகைய ஏற்பாட்டுக்குள்ளேதான் நால்வருடைய வர்ணங்களும் ஸ்வரஜதிகளும் தில்லானாக்களும் முதலில் ஒலித்தன.

*

இப்படி ஓங்கி நின்ற கோஷ்டி கலைந்தது எப்படி?

உங்கள் தெருவில் எந்தக் காரணத்தால் கலைந்ததோ அதே காரணத்தால்தான்! கோயில் மரியாதை சம்பந்தமாக அரண்மனைக்கும் சகோதரர்களுக்கும் மனஸ்தாபம் ஏற்பட்டதென்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. யாருக்கு முதல் மரியாதை என்பது காவேரிக் கரை ஊர்களில் இன்றும் கோர்ட்டு வரையில் போகிற விவகாரம் அல்லவா? வித்தைக்குரிய மானத்தைக் காத்துக்கொள்ள நால்வரும் சொந்த ஊரை விட்டு வெளியேறினார்கள். 1832-ல் சரபோஜியும் காலமானார். அவருக்குப் பின் சிவாஜி மகாராஜா பட்டத்துக்கு வந்தார்.

வெளியேறியவர்களைக் கை நீட்டி வரவேற்றவர் திருவிதாங்கூர் மகாராஜா சுவாதித் திருநாள். வடிவேலுவைவிட மூன்று வயது இளையவர். தாமே பெரிய சாகித்திய கர்த்தா. அவருடைய சபையில் வடிவேலுவுக்குக் கிடைத்த ஸ்தானம் வேறு யாருக்கும் கிடைக்கவில்லை. 1834-ல் மகாராஜா வடிவேலுவுக்குத் தந்தத்தாலான பிடில் ஒன்றைப் பரிசளித்தார். பரதேசத்து வாத்தியம், மலையாள தேசத்து யானைத் தந்தம், தஞ்சாவூர்க் கை! அந்தப் பிடிலைச் சகோதரர்களின் சந்ததியார் ஒரு குலதெய்வம் போல் போற்றிப் பாதுகாத்து வந்திருக்கிறார்கள். மோகினியாட்டம் அந்தச் சமஸ்தானத்தில் செழித்ததிலும் வடிவேலுவின் பங்கு உண்டு.

திருவையாற்றுக்குச் சென்று தியாகையரைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்துவர வடிவேலு முயன்றார் என்றும், ஐயரவர்கள் வர இசையவில்லை என்றும் ஒரு கர்ணபரம்பரைக் கதை உண்டு. நடந்ததோ நடக்கவில்லையோ, அதில் ஒரு தத்துவம் இருக்கிறது. காவேரிக் கரையில் உஞ்சவிருத்தி செய்து வாழ்ந்தவருக்கு ஊரை விட்டுப் போகவேண்டிய அவசியம் இல்லை. அரண்மனையை நம்பி வாழ்ந்தவருக்கு ஊர் நிலையில்லை.

நால்வரும் மறுபடி ஒன்றாக வாழவில்லை. பொன்னையாவும் சிவானந்தமும் தஞ்சைக்குத் திரும்பினார்கள். மூத்தவர் சின்னையா மைசூருக்குப் போய் மும்முடி கிருஷ்ணராஜ உடையாரின் சபையை அலங்கரித்தார். அந்த உடையாருடைய நிலைமையும் சரபோஜியின் நிலைமைதான். 1831-ல் கும்பெனியார் அவர் கையிலிருந்து நிர்வாகத்தைப் பறித்துக்கொண்டார்கள். திருவிதாங்கூரிலோ, சுவாதித் திருநாளின் கடைசி வருஷங்கள் ரெஸிடெண்ட் கல்லனுடைய குறுக்கீட்டினால் கசந்து போயின. நமது நால்வரை ஆதரித்த மன்னர்கள் மூவருமே வெள்ளைக்காரன் நிழலில் சிம்மாசனம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள். அரசியலில் வாய் திறக்க முடியாதவர்கள் சபையிலே பாடவைத்தார்கள். அந்த ஊமைக் காலத்தின் குரல் என்றே இந்தச் சங்கீதத்தைச் சொல்லவேண்டும்.

வடிவேலு நாற்பது வயதை எட்டாமலே மறைந்தார். 1846-ல் சுவாதித் திருநாளும் முப்பத்துமூன்று வயதில் மறைந்தார். 1855-ல் சிவாஜி மகாராஜா ஆண் வாரிசின்றி இறந்தார். தஞ்சைச் சமஸ்தானத்தைக் கும்பெனியார் ஒரேயடியாக விழுங்கினார்கள். சின்னையா 1856-லும், சிவானந்தம் 1863-லும், பொன்னையா 1864-லும் காலமானார்கள். கோஷ்டியும் இல்லை, கோஷ்டியைத் தாங்கிய கொட்டகையும் இல்லை.

*

இத்துடன் கதை முடிந்திருக்க வேண்டியது நியாயம். ஆனால் முடியவில்லை.

காரணம் அந்த மார்க்கந்தான். ஆறு உருப்படிகளையும் அவற்றின் வரிசையையும் மனத்தில் வைத்திருக்கும் நட்டுவனார் ஒருவர், ஒரு ஜோடித் தாளத்தையும் தட்டுக்கழியையும் மூட்டையில் கட்டிக்கொண்டு எந்த ஊருக்குப் போனாலும் அங்கே தஞ்சாவூரை நிலைநாட்ட முடிந்தது. 1880-ல் தஞ்சை ராஜகுடும்பத்துப் பெண் பரோடா சயாஜிராவ் கெய்க்வாடுக்கு வாழ்க்கைப்பட்டபோது, கௌரா, காந்திமதி என்னும் இரு நர்த்தகிகள் அந்தச் சமஸ்தானத்துக்குச் சென்றார்கள். நால்வர் வமிசத்தைச் சேர்ந்த கண்ணுசாமி நட்டுவனாரும் பரோடாவில் சேவித்தார். குஜராத்தில் அலாரிப்பு!

கண்ணுசாமியின் குமாரர் பொன்னையா பிள்ளை, 1933-ல் சென்னை ஸங்கீத வித்வத் சபையின் மகாநாட்டுக்குத் தலைமை வகித்தவர். அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் ஆசிரியராயிருந்தவர். ஏட்டிலும் நினைவிலும் இருந்த முன்னோர் உருப்படிகளை அச்சில் கொண்டுவந்த புண்ணியம் அவரைச் சேர்ந்தது. பந்தணைநல்லூர் மீனாக்ஷிசுந்தரம் பிள்ளை, நால்வரில் ஒருவரான பொன்னையாவின் பேரர். அவரிடம் பயின்ற ருக்மிணி தேவி 1935-ல் அடையாற்றில் மேடை ஏறியபோது, குடும்பப் பெண்கள் ஆடலாமா என்று கேட்டவர்கள் வாயடைத்துப் போனார்கள். வக்கீலும் தேச பக்தருமான இ. கிருஷ்ணய்யர் தாமே பெண் வேஷம் பூண்டு ஆடி இந்தக் கலைக்காக ஊர் ஊராக வாதாடினார். சதிர் என்ற பெயர் மாறிப் பரத நாட்டியம் ஆயிற்று. கலை பிழைத்தது.

ஆனால் நேயர்களே, இங்கே ஒரு கேள்வி தொண்டையில் முள்ளாகச் சிக்குகிறது. கலை பிழைத்தது, கலைக்கு உரியவர்கள் பிழைத்தார்களா?

நால்வர் வர்ணம் இயற்றினார்கள். அதைத் தேகத்தில் வாங்கி ஆடிக் காட்டியவர்கள் யார்? கோயிலுக்குப் பொட்டுக் கட்டப்பட்ட பெண்கள். நட்டுவனார் பாட்டைச் செய்தால், அந்தப் பாட்டின் பாவத்தைச் செய்தவர்கள் அவர்கள். சமஸ்தானம் போனபின் அவர்களுடைய வாழ்வு சீரழிந்தது. தனவந்தர்களின் தயவை நம்பி வாழவேண்டிய கொடுமை வந்தது. அந்தக் கொடுமையை ஒழிக்கவேண்டுமென்று டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டி சட்டசபையில் போராடியது தர்மமான காரியம், அதில் சந்தேகமில்லை. 1929-ம் வருஷச் சட்டம் கோயில் மானிய நிலங்களை ஊழியக் கட்டாயத்திலிருந்து விடுவித்தது. 1947-ம் வருஷச் சட்டம் பொட்டுக் கட்டுவதையும் கோயிலில் ஆடுவதையும் தடை செய்தது. சிறுமியொருத்தி தன் சம்மதமின்றிக் கோயிலுக்கு ஒப்படைக்கப்படும் அநீதி சட்டப்படி ஒழிந்தது.

ஒழித்தவர்களைப் பாராட்டுவோம். ஆனால் அதே காலத்தில் நாம் செய்த இன்னொரு காரியத்தையும் ஒப்புக்கொள்ளவேண்டும். தூக்கி நிறுத்தியது ஆட்டத்தை, இறக்கிவிட்டது ஆடியவளை. அவளுடைய வர்ணம் சபா மேடை ஏறிற்று. அவளுக்கு அந்த மேடையில் இடம் இல்லாமற் போயிற்று. பாலசரஸ்வதி போன்ற ஒருசிலர் தங்கள் மேதையின் பலத்தால் நின்றார்கள். பெயர் தெரியாத எத்தனையோ பேர், பெட்டியில் சலங்கையைப் பூட்டிவிட்டு, தங்கள் பெண்களிடம் தாங்கள் ஆடியவர்கள் என்று சொல்லவும் கூசி, இந்தக் காவேரிக் கரை ஊர்களிலேயே மூச்சடங்கினார்கள். ராஜராஜன் நானூறு பெண்களின் பெயரையும் வீட்டையும் கல்லில் வெட்டினான். நாமோ, நால்வர் பாட்டை முதன் முதலாக ஆடியவளுடைய பெயரை ஒரு காகிதத் துண்டில் எழுதி வைத்துப் போற்றவில்லை.

*

இந்த இடத்தில் மேளக்காரப் பிள்ளை குறுக்கிட்டான். "அப்படியானால் அந்த வழி கடைசியில் வசதியுள்ளவர்களிடம் போய்ச் சேர்ந்ததுதானே, தாத்தா?" என்றான்.

நல்ல கேள்வி. பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் முழுவதும் அப்படியல்ல. பொன்னையா பிள்ளையின் குமாரர் கிட்டப்பா பிள்ளை, 1913 முதல் 1999 வரை வாழ்ந்தவர். வைஜயந்திமாலா போன்ற பேர்பெற்றவர்களுக்குப் போதித்தவர். அவரைத் தேடி மதுரையிலிருந்து ஒருவர் வந்தார். திருநங்கை என்ற காரணத்தினால் உற்றாரும் ஊராரும் ஒதுக்கிய ஜீவன். ஆட்டம் ஒன்றைத் தவிர வேறு எதையும் வேண்டாதவர். இந்தச் சிஷ்யையை ஏற்றால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று கிழவர் யோசித்திருக்கலாம். அதற்கு எல்லா நியாயமும் இருந்தது. அவர் சீடராக ஏற்றுக்கொண்டார். 'நர்த்தகி' என்ற பெயரையும் சூட்டினார். பல வருஷம் குருகுலத்தில் வைத்து முன்னோர் உருப்படிகளைக் கற்பித்தார். அந்த நர்த்தகி நடராஜுக்கு 2019-ல் பாரத சர்க்கார் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

ஊரை விட்டு வெளியேற்றப்பட்ட நால்வரின் பாட்டு, ஊரார் வெளியேற்றிய ஒருவரிடம் வந்து சேர்ந்தது. பெரிய கோயிலில் செதுக்கப்படாமல் நிற்கும் கற்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சமாசாரம் நினைவுக்கு வரும்.

நாங்கள் பேசி முடிப்பதற்குள் இருட்டிவிட்டது. கோடி வீட்டு மாடியில் விளக்கில்லை. பிள்ளையைப் பார்த்து, "உங்கள் பாட்டுகள் எத்தனை?" என்று கேட்டேன்.

"பதினொன்று, தாத்தா."

"எழுதி வைத்திருக்கிறீர்களா?"

"வார்த்தைகள் அவனிடம் இருக்கின்றன. மெட்டு இவனுக்குத்தான் முழுதும் தெரியும். தாளம் என் கையில் இருக்கிறது."

"அவரவர் பிரிந்து போவது அவரவர் இஷ்டம். போகிறதற்கு முன்னால் ஒருநாள் உட்கார்ந்து பதினொன்றையும் முதலிலிருந்து கடைசிவரை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவிடுங்கள். எது முதலில், எது கடைசியில் என்பதையும் எழுதுங்கள். எந்தப் பாட்டில் எவன் கை என்பதை மறைக்காமல் எழுதுங்கள். கச்சேரிக்குப் பெட்டி தூக்கிக்கொண்டு வந்தானே அந்தச் சிறுவன், அவன் பெயரையும் விட்டுவிடாதீர்கள்" என்றேன்.

அவன் பதில் சொல்லாமல் எழுந்து போனான். நான்கு நாள் கழித்து, இரவு எட்டு மணிக்கு, கோடி வீட்டு மாடியில் மறுபடியும் விளக்கு எரிந்தது. மேளம் கேட்கவில்லை. நாலு பேர் உரக்கச் சண்டை போடும் சத்தம் மட்டும் கேட்டது. எந்தப் பாட்டு முதலில் என்பதைப் பற்றித்தான். தெருக்காரர்கள் என்னைத் திட்டினார்கள். நான் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.